தீர்ப்புக்கு முன்னால் ஒரு தீர்ப்பு

போன மாதம் செங்காங் வகுப்புக்கு நான் எடுத்துப் போன பாடம் சிலப்பதிகாரம், கொலைக்களக் காதை. பாண்டியன் விசாரிக்காமலே கோவலனைக் கொல்லச் சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதற்குள்ளே பலர் கவனிக்காத ஒரு சின்னக் காட்சி இருக்கிறது. அரசன் அனுப்பிய காவலர்கள் கோவலனைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். இவரைப் பார்த்தால் திருடன் மாதிரி தெரியவில்லையே என்கிறார்கள். உடனே பொற்கொல்லன் பேச ஆரம்பிக்கிறான். திருடர்களுக்கு என்னென்ன வித்தை தெரியும், எப்படியெல்லாம் ஏமாற்றுவார்கள் என்று அளக்கிறான். கேட்டுக்கொண்டிருந்த ஒரு காவலன் தனக்குத் தெரிந்த ஒரு திருட்டுக் கதையையும் சேர்த்துக்கொள்கிறான். பேச்சு சூடேறுகிறது. அவர்களில் ஒரு குடிகாரன் வாளை வீசிவிடுகிறான். முடிந்தது. இந்தச் சிலம்பு உனக்கு எப்படிக் கிடைத்தது என்று ஒரு காவலன்கூடக் கேட்கவில்லை.

இந்த இடம் வரைக்கும்தான் வந்தோம். தேசிய சேவையை அண்மையில் முடித்த தம்பி ஒருவன் குறுக்கிட்டான். "அண்ணே, கோவலன் கதை வேற. அவரு நிரபராதி. எல்லாம் கேமராவுல இருக்கு, அவங்களே ஒத்துக்கிட்டாங்கன்னா அப்புறம் எதுக்கு இத்தனை வருஷம் கேஸ்? தூக்குல போட வேண்டியதுதானே?"

அவன் சொன்னது எந்த வழக்கு என்று எல்லாருக்கும் புரிந்தது. மியன்மாரிலிருந்து வேலைக்கு வந்த பியாங் நகாய் டொன் என்ற 24 வயதுப் பணிப்பெண், 2016 ஜூலை 26ஆம் தேதி பீஷானில் தான் வேலை பார்த்த வீட்டில் இறந்துபோனார். வேலைக்குச் சேர்ந்தபோது 39 கிலோ. இறந்தபோது 24 கிலோ. அடி, சூடு, பட்டினி. முதலாளி காயத்திரி முருகையன். நம்ம இனம், நம்ம மொழி. வீட்டுக்குள் பொருத்தியிருந்த கேமராவே சாட்சி. 2021 பிப்ரவரியில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது ஊரே கொதித்தது. கொலைக் குற்றச்சாட்டை ஏன் குறைத்தார்கள் என்று கேட்காதவர் இல்லை.

நான் பதில் சொல்லத் தொடங்கியதும் ஒரு தங்கை சட்டென்று கேட்டாள்: "நம்ம ஆளுங்கங்கிறதால சப்போர்ட் பண்றீங்களா?"

நியாயமான கேள்வி. அன்று வகுப்பில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

முதலில் அந்த வழக்கு. கேமரா என்ன நடந்தது என்பதைக் காட்டும். செய்தவர் மனம் எந்த நிலையில் இருந்தது என்பதைக் காட்டாது. நம் தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவில் ஏழாவது விலக்கு என்று ஒன்று இருக்கிறது. மனநோய் ஒருவருடைய பொறுப்புணர்வைப் பெருமளவு குலைத்திருந்தால், அது கொலை ஆகாது. கொலைக்கு ஈடாகாத மரணம் விளைவித்த குற்றமாகும். மனநல மருத்துவர்கள் அவரைப் பரிசோதித்தார்கள். பிள்ளைப்பேற்றை ஒட்டிய கடும் மனச்சோர்வும் வேறொரு ஆளுமைக் கோளாறும் இருந்ததாக அறிக்கை வந்தது. அதை வைத்துத்தான் குற்றச்சாட்டு குறைந்தது. அரசுத் தரப்பு ஆயுள் தண்டனை கேட்டது. உயர் நீதிமன்றம் 30 ஆண்டு விதித்தது. மேல்முறையீட்டிலும் அது அப்படியே நின்றது. முப்பது ஆண்டு போதுமா, கம்மியா என்று வாதாடலாம், அதில் தப்பில்லை. ஆனால் தூக்கில் போடு என்று பகிர்ந்தவர்களில் அந்த மருத்துவ விவரத்தை வாசித்தவர் எத்தனை பேர்? நான் வாசித்தேனா? அப்போது இல்லை. நானும் திட்டித்தான் ஒரு பதிவு போட்டேன்.

குற்றமே சந்தேகமில்லாத ஒரு வழக்கிலேயே கூட்டத்துக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்றால், குற்றமே சந்தேகமாக இருக்கும் வழக்கில்? அங்கேதான் தமிழர்களுக்கு இரண்டு பெரிய பாடங்கள் இருக்கின்றன. ஒன்று சென்னையில், ஒன்று காஞ்சிபுரத்தில்.

லட்சுமிகாந்தனைக் குத்தியது யார்?

உங்கள் கொள்ளுத் தாத்தா பாட்டி காலத்தில் மலாயாத் தமிழர் வீடுகளில் கிராமபோன் இருந்ததென்றால் அதில் எம்.கே. தியாகராஜ பாகவதர் பாடியிருப்பார். இன்றைக்கு எந்த நடிகருக்கும் கிடைக்காத புகழ் அவருக்கு இருந்தது. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளியைக் கண்டது. அந்த மூன்று தீபாவளியில் இரண்டை அவர் சிறையில் கழித்தார்.

லட்சுமிகாந்தன் என்பவர் முதலில் 'சினிமா தூது', பிறகு 'இந்து நேசன்' என்று பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகைகளின் படுக்கையறைக் கதைகள்தான் அதில் சரக்கு. எழுதாமல் இருக்கக் காசு வாங்குகிறார் என்றும் பேச்சு. சினிமாக்காரர்கள் கவர்னரிடம் மனுக் கொடுத்து முதல் பத்திரிகையின் உரிமத்தை ரத்து செய்ய வைத்தார்கள். அவர் அடுத்ததைத் தொடங்கினார். விற்பனை அமோகம். இதை ஒரு நிமிஷம் யோசியுங்கள்: அந்த வதந்திகளைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தது யார்? பாகவதர் பாட்டுக்குக் கைதட்டிய அதே ஜனங்கள்தான்.

1944 நவம்பர் 8ஆம் தேதி, சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தனைச் சிலர் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார். அடுத்த மாதமே பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடுவும் இன்னும் சிலரும் கைது. குத்தச் சொல்லிச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒன்பது பேர் கொண்ட ஜூரி முன்னால் வழக்கு நடந்தது. ஜூரி என்றால் சட்டம் படித்தவர்கள் இல்லை. நம்மைப் போல ஊருக்குள்ளிருந்து எடுக்கப்பட்டவர்கள். நம்மைப் போலவே பத்திரிகை படித்தவர்கள், டீக்கடையில் பேசியவர்கள். அரசுத் தரப்பு பெரிதும் நம்பியது ஓர் அப்ரூவரை, அதாவது நானும் இதில் கூட்டு என்று ஒப்புக்கொண்டு மற்றவர்களைக் காட்டிக்கொடுப்பவரை. ஜூரியில் ஆறு பேர் குற்றவாளி என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை. பாகவதருக்கும் என்.எஸ்.கே.வுக்கும் ஆயுள்.

பிறகு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. மேல்முறையீட்டைச் சரியாக விசாரிக்கவில்லை, திரும்ப விசாரியுங்கள் என்று அங்கிருந்து சென்னைக்கே அனுப்பினார்கள். 1947 ஏப்ரலில் அதே உயர் நீதிமன்றம், வேறு நீதிபதிகள், அதே சாட்சியங்களைத் திரும்பப் படித்துப் பார்த்து இருவரையும் விடுதலை செய்தார்கள். சாட்சி மாறவில்லை. படித்த விதம் மாறியது.

என்.எஸ்.கே. திரும்பி வந்து சிரிக்க வைத்தார். பாகவதரால் முடியவில்லை. படங்கள் ஓடவில்லை. 1959இல் காலமானார். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் இதோடு 'ஐயோ பாவம் பாகவதர்' என்று நிறுத்திவிடுவார்கள். எனக்கு உறுத்துவது வேறு. லட்சுமிகாந்தன் நல்லவரில்லை, சரி. ஆனால் ஒரு மனிதரைப் பட்டப்பகலில் தெருவில் குத்திக் கொன்றார்கள். அதைச் செய்யச் சொன்னது யார் என்பதற்கு இன்று வரை நீதிமன்றம் ஏற்ற பதில் இல்லை. பெரிய பெயர்கள் மாட்டிக்கொண்டதும் எல்லார் கண்ணும் அங்கேயே போய்விட்டது.

ஜூரி முறை நம்மிடமும் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1950இல் மரியா ஹெர்டோக் என்ற டச்சுச் சிறுமியை யார் வளர்ப்பது என்ற வழக்கு நடந்தது. வளர்த்த முஸ்லிம் தாயா, பெற்ற கத்தோலிக்கப் பெற்றோரா? கன்னிமாடத்தில் இருந்த சிறுமியின் படங்களைப் பத்திரிகைகள் போட்டன. உணர்ச்சி கொதித்தது. டிசம்பர் 11ஆம் தேதி வெடித்த கலவரத்தில் 18 பேர் மாண்டார்கள். அதில் ஓர் ஆகாயப்படை வீரரைக் கொன்றதாக நால்வர்மேல் கொலை வழக்கு. அவர்களுக்கு வாதாடிய இளம் வழக்கறிஞர் லீ குவான் இயூ. ஜூரி கொலைக் குற்றத்திலிருந்து அவர்களை விடுவித்தது. ஜெயித்த அந்த வழக்கே தனக்கு ஜூரி மேல் நம்பிக்கை போகக் காரணம் என்று பின்னாளில் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். அவர் ஆட்சியில் ஜூரி முதலில் மரண தண்டனை வழக்குகளுக்கு மட்டும் என்று சுருங்கி, 1969இல் சட்டம் போட்டு அடியோடு எடுக்கப்பட்டது. டேவிட் மார்ஷல் கடுமையாக எதிர்த்தார்.

இந்தியாவிலும் 1959இல் கடற்படை அதிகாரி நானாவதி வழக்கில், ஒரு வாரப் பத்திரிகை அவரை வீரனாக்கிப் பிரசாரம் செய்ய, ஜூரி 8க்கு 1 என்று விடுவித்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல் ஆயுள் தண்டனை விதித்தது. ஆக, கூட்டம் உள்ளே தள்ளவும் செய்யும், வெளியே தூக்கி விடவும் செய்யும். கூட்டத்துக்குப் பிடித்தவரா இல்லையா என்பதுதான் கணக்கு.

ஜூரி போய்விட்டதே, இனி நீதிபதி மட்டும்தானே, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. அதற்கு அடுத்த வழக்கு. இது நமக்குக் கஷ்டமான வழக்கு.

காஞ்சிபுரம்

2004 செப்டம்பர் 3ஆம் தேதி, காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் அலுவலகத்துக்குள் புகுந்து கோயில் மேலாளர் சங்கரராமனை வெட்டிக் கொன்றார்கள். காஞ்சி மடத்தின் நடவடிக்கைகளைக் கண்டித்துக் கடிதங்கள் எழுதி வந்தவர் அவர். தீபாவளி சமயம், நவம்பர் 11ஆம் தேதி இரவு, மெஹபூப்நகரில் இருந்த காஞ்சி சங்கராச்சாரியார் ஜெயேந்திர சரஸ்வதி சுவாமிகளைத் தமிழ்நாட்டுப் போலீஸ் கைது செய்தது.

அப்போது உங்களில் பலர் பிறந்திருக்கவே மாட்டீர்கள். அந்தத் தீபாவளிக்கு தேக்காவில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் இதுதான் பேச்சு. ஒரு பக்கம், "சுவாமிகள் இதைச் செய்திருக்கவே முடியாது, இது இந்து மதத்தின் மேல் தாக்குதல்" என்று கண்ணீர் விட்டவர்கள். இன்னொரு பக்கம், "இதைத்தான் அப்பவே சொன்னோம்" என்று கொண்டாடியவர்கள். இரண்டு பக்கத்திலும் யாரும் குற்றப்பத்திரிகையைப் பார்த்திருக்கவில்லை. அது தாக்கலாகும் முன்பே இரண்டு தரப்பும் தீர்ப்பு எழுதிவிட்டன. தமிழ்ப் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் வாரக்கணக்கில் போலீஸ் வட்டாரம் சொன்னதாக ஒவ்வொரு நாளும் ஒரு புதுக் கதை போட்டன. சாட்சிக் கூண்டில் ஏறாத கதைகள். குறுக்கு விசாரணை கேட்காத கதைகள்.

2005 ஜனவரி 10ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம் அவருக்குப் பிணை கொடுத்தது. அன்றே இளையவர் விஜயேந்திரர் கைதானார். மடத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. தற்காப்பு வழக்கறிஞர்கள்மேலேயே வழக்குகள் பாய்ந்தன. இதையெல்லாம் பார்த்துவிட்டு 2005 அக்டோபர் 26ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஓர் அபூர்வமான முடிவு எடுத்தது. அரசு இயந்திரம் குற்றஞ்சாட்டப்பட்டவர் தன்னைத் தற்காத்துக்கொள்வதையே தடுக்கும் அளவுக்கு இறங்கிவிட்டது, இந்தச் சூழலில் தமிழ்நாட்டில் நியாயமான விசாரணை நடக்காது என்று சொல்லி, செங்கல்பட்டு நீதிமன்றத்திலிருந்து வழக்கைப் புதுச்சேரிக்கு மாற்றியது. ஏன் டெல்லிக்கோ பெங்களூருக்கோ இல்லாமல் புதுச்சேரி? சாட்சிகள் தமிழ் பேசுகிறவர்கள், ஆவணங்கள் தமிழில் இருக்கின்றன. மாநிலம் வேறு, மொழி அதே. நீதி என்பது இந்த மாதிரி சின்னச் சின்ன ஏற்பாடுகளில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கூட்டத்துக்கு இதிலெல்லாம் பொறுமை கிடையாது.

விசாரணை இழுத்தது. 189 சாட்சிகள். அதில் 83 பேர் பிறழ்சாட்சிகள். அதாவது போலீசிடம் ஒன்று சொல்லி, நீதிமன்றத்தில் வேறு சொன்னவர்கள். அப்ரூவராக இருந்தவரும் பின்வாங்கினார். சங்கரராமனின் குடும்பத்தாரும் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை அடையாளம் காட்டவில்லை. 2013 நவம்பர் 27ஆம் தேதி புதுச்சேரி நீதிமன்றம் அத்தனை பேரையும் விடுதலை செய்தது. 24 பேரில் ஒருவர் இடையில் இறந்துவிட்டதால் 23 பேர். ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. 2018 பிப்ரவரியில் சுவாமிகள் சித்தியடைந்தார்.

83 பேர் ஏன் மாறினார்கள்? இரண்டு விதமாகச் சொல்லலாம். முதலில் போலீசிடம் சொன்னது வற்புறுத்தலில் சொன்னது, நீதிமன்றத்தில் உண்மை சொன்னார்கள் என்பது ஒன்று. முதலில் சொன்னது உண்மை, பிறகு பயத்தாலோ ஆசையாலோ மாற்றினார்கள் என்பது இன்னொன்று. இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆனால் இரண்டிலும் ஒரே விஷயம் இருக்கிறதைக் கவனியுங்கள்: யாரோ அவர்களை அழுத்தியிருக்கிறார்கள். 'ஒரு வாரத்தில் பிடி, பத்து நாளில் பிடி' என்று ஊர் கத்தும்போது போலீஸ் ஆதாரம் தேடாது. ஆளைத் தேடும். பிடித்த ஆளுக்குப் பொருந்துகிற வாக்குமூலங்களைச் சேர்க்கும். அப்படிச் சேர்த்தது குறுக்கு விசாரணையில் நிற்காது.

சட்டப்படி அவர்கள் அனைவரும் நிரபராதிகள். அதை முணுமுணுப்பில்லாமல் ஏற்க வேண்டும். 'பெரிய இடம், தப்பிச்சிட்டாங்க' என்று இன்றும் சொல்பவர்கள், கோவலனைப் பற்றிக் கதை அளந்த பொற்கொல்லனின் வேலையைத்தான் செய்கிறார்கள்.

ஆனால் நம் பக்கத்துக்கும் ஒரு கேள்வி. விடுதலை அன்று பட்டாசு வெடித்தவர்கள் உண்டு. சங்கரராமன் யார்? அவரும் பெருமாள் கோயிலில் வேலை பார்த்தவர். சுவாமி சந்நிதி இருக்கும் வளாகத்துக்குள்ளேயே வெட்டப்பட்டவர். அவரும் நம்மவர்தானே? அவருக்காக எந்த இந்து அமைப்பு எத்தனை கூட்டம் போட்டது? அவரைக் கொன்றது யார் என்று இன்றைக்கும் தெரியாது. சுவாமிகளுக்கு ஆதரவாகவும் எதிராகவும் கத்திய அந்த ஒன்பது வருஷத்தில் அவர் பெயர் ஒரு வழக்கின் பெயராக மட்டும் ஆகிவிட்டது. கூட்டம் கத்தினால் குற்றஞ்சாட்டப்பட்டவர் மட்டும்தான் பாதிக்கப்படுவார் என்று நினைக்கிறோம். செத்தவரும் இரண்டாம் முறை தோற்றுப்போகிறார்.

ரேஸ் கோர்ஸ் சாலையில் இரண்டு கூட்டம்

இதெல்லாம் இந்தியாவில் நடப்பது, இங்கே அப்படியில்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு. ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹாம்ப்ஷியர் சாலையும் சேரும் இடத்தில், 33 வயது ஊழியர் சக்திவேல் குமாரவேலு ஒரு தனியார் பேருந்தில் அடிபட்டு இறந்தார். அதன்பின் நடந்தது உங்களுக்குத் தெரியும். வண்டிகள் எரிந்தன.

ஓய்வுபெற்ற நீதிபதி பன்னீர் செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு பின்னர் ஒரு விஷயத்தைக் கண்டறிந்தது. சக்திவேல் ஏற்கெனவே இறந்துவிட்டார் என்று மீட்புப் படையினருக்குத் தெரியும். கூட்டத்துக்குத் தெரியாது. நம்ம ஆளைக் காப்பாற்றாமல் பேருந்து ஊழியர்களைக் காப்பாற்றுகிறார்கள் என்று தப்பாகப் புரிந்துகொண்டு கல்லெடுத்தது. ஓட்டுநர்தான் கொலைகாரன் என்றும் முடிவு கட்டியது. அது விபத்து என்று மரண விசாரணை பிறகு சொன்னது. சில நிமிஷத்தில் எழுதிய தீர்ப்பு, முழுக்கத் தப்பு.

இது முதல் கூட்டம். இரண்டாவது கூட்டம் அன்று இரவே ஆன்லைனில் கூடியது. 'குடிகாரப் பசங்க, எல்லாரையும் அனுப்பிடு' என்று. அதில் நம் தமிழர்களும் நிறையப் பேர் என்பதை ஒளிக்க வேண்டாம். 25 பேர்மேல் வழக்கு நடந்தது. இன்னும் 57 பேர் நீதிமன்றம் ஏறாமலே ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். குடிநுழைவு அதிகாரப்படி அது செல்லும். அரசாங்கத்தின் விளக்கமும் அதுதான். ஆனாலும் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் இந்த இடத்தைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்த 57 பேரில் யாருக்காவது சொல்ல ஒரு கதை இருந்திருந்தால், அதைக் கேட்டுச் சாட்சியத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இடம் நீதிமன்றம். நாம் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டி வந்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். திரும்பிப் போனபோது அந்தக் கடன் அப்படியே இருந்திருக்கும்.

அப்போ வாயே திறக்கக் கூடாதா?

வகுப்பில் அடுத்து வந்த கேள்வி இதுதான். திறக்கலாம். திறக்கவும் வேண்டும். இந்தோனேசியப் பணிப்பெண் பார்த்தி லியானி வழக்கைப் பாருங்கள். பெரிய பதவியில் இருந்த முதலாளியின் குடும்பம் திருட்டுப் புகார் கொடுத்தது. 2019இல் 26 மாதச் சிறை. கூலி வாங்காமல் வாதாடிய ஒரு வழக்கறிஞர் விடவில்லை. 2020 செப்டம்பர் 4ஆம் தேதி உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. பொருள்களைக் கைப்பற்றி வைத்திருந்த விதத்திலேயே ஓட்டை என்றது. அதன்பின் மக்கள் கேட்ட கேள்விகள் நாடாளுமன்றம் வரை போய், போலீசும் அரசாங்க வழக்கறிஞர்களும் எங்கே தவறினார்கள் என்று அமைச்சர் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

அதுவும் பொது அழுத்தம்தான். வித்தியாசம் எங்கே? இங்கே மக்கள் கேட்டது 'எப்படி விசாரித்தீர்கள்?' என்று. மற்ற இடங்களில் கேட்டது 'எப்போது தலையை வெட்டுவீர்கள்?' என்று. முதல் கேள்விக்கு ஆவணத்தை எடுத்துக் காட்ட வேண்டும். இரண்டாவதற்கு ஒரு தலை போதும், யாருடையதாக இருந்தாலும்.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2016இல் நிறைவேறி 2017 அக்டோபரில் நடப்புக்கு வந்த நீதி நிர்வாகப் பாதுகாப்புச் சட்டப்படி, நடந்துகொண்டிருக்கும் வழக்கில் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லி, அதனால் வழக்கு பாதிக்கப்படும் உண்மையான அபாயம் இருந்தால் அது நீதிமன்ற அவமதிப்பு. உயர் நீதிமன்ற வழக்காக இருந்தால் 100,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும் இல்லை, உங்கள் டிக்டாக் கணக்குக்கும் சேர்த்துத்தான். நேர்மையான செய்தியும் நல்லெண்ணத்தோடு செய்யும் பொது விவாதமும் குற்றமில்லை. இந்தச் சட்டம் ரொம்ப அகலமாக வலை வீசுகிறது என்று கவலைப்பட்டவர்களும் உண்டு, அந்தக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை.

எங்கள் குழுவில் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். வாட்ஸ்அப்பில் வழக்குச் செய்தி வந்தால், பகிரும் முன் மூன்று விஷயம் பார்ப்பது. இது போலீஸ் சொன்னதா, அரசுத் தரப்பு வாதமா, நீதிபதி கண்டறிந்ததா? எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது? இதே செய்தியில் குற்றஞ்சாட்டப்பட்டவர் என் அண்ணனாக இருந்தால் இப்படியே பகிர்வேனா? மூன்றாவதில்தான் பெரும்பாலும் விரல் நின்றுவிடுகிறது. எப்போதும் இல்லை. சென்ற வாரமே ஒருவர் வழுக்கினார். அது நான்தான்.

அடுத்த வகுப்புக்கு

வழக்குரை காதையை வாசித்துக்கொண்டு வாருங்கள். கண்ணகி அரசனிடம் நியாயம் கேட்ட விதத்தைக் கவனியுங்கள். அழுதாள், கோபப்பட்டாள், ஆனால் கடைசியில் ஓர் ஆதாரத்தைத்தான் உடைத்துக் காட்டினாள்: பாண்டிமாதேவி சிலம்புக்குள் முத்து, தன் சிலம்புக்குள் மாணிக்கம். அந்தச் சோதனையை அரசன் முதல் நாளே செய்திருக்க முடியுமா? ஏன் செய்யவில்லை?

இன்னொன்று, இதற்கு என்னிடம் பதில் இல்லை. பியாங் நகாய் டொன்னின் குடும்பம் மியன்மாரில் இருக்கிறது. மருத்துவ அறிக்கை, ஏழாவது விலக்கு, முப்பது ஆண்டு எல்லாவற்றையும் அந்தக் குடும்பத்தின் முன்னால் உட்கார்ந்து நீங்கள் விளக்க வேண்டும் என்றால், முதல் வாக்கியம் என்னவாக இருக்கும்? தேசிய சேவை முடித்த தம்பி எழுதி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். நீங்களும் எழுதி வாருங்கள். படித்துப் பார்ப்போம்.